பதினோராவது பெயர்

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் விஷயத்தில் அந்தப் பழமொழி பொய். வாய் என்னுடையது, கெட்டது லூர்தம்மாள் பெற்ற பிள்ளை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை இழுத்து, நடுவில் நாலு கட்சிக்காரர்களை உள்ளே விட்டு, பழியை ஆளுக்குக் கொஞ்சம் பங்கு போட்டுவிடுகிற வித்தை எனக்கு நன்றாகத் தெரியும். பத்தொன்பது வருஷமாகச் செய்தி எழுதியவன் நான்.

என் பெயர் பக்ருதீன். மாரண்டஹள்ளி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் செருப்புக் கடை. கூடவே ஒரு நாளிதழுக்கு நிருபர். தக்காளியை ரோட்டில் கொட்டியது, தொப்பூர் இறக்கத்தில் லாரி கவிழ்ந்தது, பேரூராட்சிக் கூட்டத்தில் கவுன்சிலர்கள் வெளிநடப்பு செய்து டீ குடித்துவிட்டு மறுபடி உள்ளே போய் உட்கார்ந்தது, எல்லாம் நான் எழுதியதுதான். ஆனால் ஊருக்கு நான் நிருபர் இல்லை, கமெண்ட்ரி பாய். பாலக்கோடு தாலுகாவில் எங்கே கபடி நடந்தாலும் மைக் என் கையில் இருக்கும். ஆட்டத்தை வாய் இருக்கிற எவனும் சொல்லலாம், நக்கலுக்கு என்னிடம்தான் வர வேண்டும். அந்தத் திமிர் எனக்கு இருந்தது.

எங்கள் பக்கத்துக் கபடியில் ஒரு பழக்கம் உண்டு. உள்ளூர் ஆட்டத்தில் கடிகாரத்தை நிறுத்த மாட்டார்கள். முடிய ரெண்டு மூன்று நிமிஷம் இருக்கும்போது முன்னணியில் இருக்கிற அணிக்காரன் ஒருவன் தொடையைப் பிடித்துக்கொண்டு மண்ணில் சாய்ந்துவிடுவான். அடியும் இருக்காது, சுளுக்கும் இருக்காது. நேரம் ஓட வேண்டும், அவ்வளவுதான். 'படுத்துக்கறது' என்போம். அவனை எழுப்புவது கமெண்ட்ரிக்காரன் வேலை. நடுவர் விசில் ஊதி ஊதி வாய் வலித்ததுதான் மிச்சமாக இருக்கும். நான் மைக்கில் ரெண்டு வார்த்தை விட்டால் கூட்டம் கொல்லென்று சிரிக்கும், படுத்தவன் வெட்கப்பட்டு மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுவான். அதுவரை எழாதவன் ஒருவனும் இருந்ததில்லை.

ஜோசப் ராஜுக்கு இருபத்து நாலு வயது. தக்காளி மண்டியில் லோடு ஏற்றுகிறவன். மூன்று பேர் இடுப்பைப் பிடித்துத் தொங்கினாலும் பெட்டி தூக்குகிற மாதிரி அவர்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கோட்டுக்கு வந்துவிடுவான். 'லோடு ராஜா' என்று மைக்கில் பெயர் வைத்தது நான்தான். அப்புறம் அவன் அம்மாவைத் தவிர ஊரே அவனை அப்படித்தான் கூப்பிட்டது. ஆட்டம் முடிந்ததும் மேடைக்கு வந்து, "பாய், இன்னிக்கி ஏத்திட்டீங்க பாய்" என்று பல்லைக் காட்டிவிட்டுப் போவான். நல்ல பையன். இப்போது சொல்லி என்ன, அப்போதும் நல்ல பையன்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது கட்சித் தலைவர் பிறந்தநாள் கோப்பை. நடத்தியவர் கவுன்சிலர் மாதவராஜ். அடுத்த பேரூராட்சித் தேர்தலில் தலைவர் நாற்காலிக்கு ரெண்டு வருஷமாகத் துண்டு போட்டு வைத்திருப்பவர். அந்த நாற்காலியைக் கொடுக்க வேண்டியவர் 'மாவட்டம்'. கட்சியின் மாவட்டச் செயலாளரை எங்கள் ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, மாவட்டம் என்றால் அவர்தான். அவர் கோப்பை கொடுக்க நாலு மணிக்கு வருவதாக ஏற்பாடு. நாலரை ஆகியும் வரவில்லை. இறுதியாட்டம் முடிந்தால் கூட்டம் கலைந்துவிடும், காலி நாற்காலிகளைத்தான் மாவட்டம் பார்ப்பார். மாதவராஜுக்கு வேர்த்துக் கொட்டியது.

"பாய், மாவட்டம் சந்தகிட்ட வந்துட்டாராம். கூட்டம் கலையாம பாத்துக்கோங்க. காரு உள்ள நொழஞ்சதும் பேரு படிக்க ஆரம்பிச்சிடுங்க" என்று ஒரு சீட்டை என் கையில் திணித்தார். இருபத்தாறு பெயர்கள். "வரிசை மாறக் கூடாது. ஒரு பேரு வுட்டாலும் என் சீட்டு போச்சு."

அது விளையாட்டு இல்லை. முந்தின வருஷம் இன்னொரு விழாவில் கிளைச் செயலாளர் ஒருவர் பெயரை நான் விட்டுவிட்டேன். அந்த மனுஷன் மேடையிலேயே நாற்காலியை எட்டி உதைத்துவிட்டு ஆட்களோடு வெளியே போனார். ஆகவே ஒரு கண் சீட்டில், ஒரு கண் ஆட்டத்தில்.

மூன்று நிமிஷம் பாக்கி. அதியமான்கோட்டை அணியைவிட எங்கள் மண்டி அணி ரெண்டு புள்ளி அதிகம். ஜோசப் ராஜ் ரைடு போனான். மூன்று பேர் சேர்ந்து மடக்கினார்கள், ஒருவனுடைய முழங்கால் அவன் நெஞ்சில் இறங்கியது. அதை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிப் போகும். மற்றவர்கள் எழுந்தார்கள், அவன் எழவில்லை.

அன்று காலை அரையிறுதியில் இதே ஜோசப் ராஜ் இதே மாதிரி படுத்து, நான் கேலி செய்ததும் என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு எழுந்தவன். முன்னணியில் இருக்கிற அணி, மூன்று நிமிஷம் பாக்கி, படுத்திருக்கிறவன் லோடு ராஜா. எனக்கு வேறு என்ன தோன்றும்?

"ஆஹா, படுத்துட்டாருய்யா நம்ம லோடு ராஜா!" என்றேன் மைக்கில். "தலகாணி வேணுமா ராசா? போர்வ கொண்டாரச் சொல்லட்டுமா? யாருப்பா அங்க, விசில் ஊதாதீங்க, புள்ள முழிச்சிக்கப் போறான்!"

ரெண்டாயிரம் பேர் சிரித்தார்கள். அவன் எழவில்லை. சரி, இன்னும் கொஞ்சம் போட்டால்தான் எழுவான் என்று நினைத்தேன். கூட்டமும் கலையாமல் இருக்கும். மைக்கை வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டு, ராகம் போட்டு, "ஆராரோ... ஆரிரரோ... லோடு ராசா கண்ணுறங்கு..." என்று பாடினேன். சிரிப்பில் பந்தல் அதிர்ந்தது. நடுவரே திரும்பி நின்று சிரித்தார். ரெண்டு அடி பாடினேன், அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும், நன்றாகவே பாடினேன்.

அப்போது வாசலில் வெடி வெடித்தது. மாவட்டம் வந்துவிட்டார். ஒன்பது கார்கள் வரிசையாக உள்ளே நுழைந்து மைதானத்துக்கு இருந்த ஒரே வழியை அடைத்துக்கொண்டு நின்றன. கூட்டம் மொத்தமும் அந்தப் பக்கம் திரும்பியது. நான் சீட்டை எடுத்துப் படிக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் 'மாண்புமிகு', 'செயல்வீரர்', 'களப்போராளி' என்று அடைமொழி வேறு. பதினோராவது பெயரில் இருந்தபோது மண்டி அணிக் கேப்டன் சின்னராஜ் மேடைமேல் தாவி ஏறி என் கையைப் பிடித்தான்.

"பாய், மைக்க குடுங்க. அவனுக்கு மூச்சு வரல. டாக்டர் யாராச்சும் இருக்காங்களான்னு கேக்கணும், காரெல்லாம் எடுக்கச் சொல்லணும்."

மாதவராஜ் கீழேயிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மைக்கைக் கையால் பொத்தி, "இர்றா, பேர படிச்சு முடிச்சிர்றேன்" என்றேன். அவன் மறுபடியும் இழுத்தான். நான் அவன் கையைத் தட்டிவிட்டேன். மிச்சம் பதினைந்து பெயர்களையும் வரிசை மாறாமல், ஒன்றுகூட விடாமல் படித்தேன். எந்தச் செயல்வீரரும் கோபித்துக்கொள்ளவில்லை.

ஜோசப் ராஜை நாலு பேர் தூக்கிக்கொண்டு வேலியைத் தாண்டி, ரோட்டில் போன ஒரு டாட்டா ஏஸில் போட்டுக் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. இன்னும் பத்து நிமிஷம் முன்னால் வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னதாகச் சின்னராஜ் என்னிடம் சொன்னான். அதற்குப் பிறகு அவன் என்னோடு பேசவில்லை.

மறுநாள் எதிர்க்கட்சிக்காரர்கள் பஸ் ஸ்டாண்டில் மறியல் செய்தார்கள். அவர்களுக்கு ஜோசப் ராஜ் யாரென்றே தெரியாது, மாதவராஜைத் தெரியும், அது போதும். ஒன்பது கார்கள் வழியை மறித்ததால்தான் சாவு என்று கோஷம். மாவட்ட நிர்வாகம் விசாரணைக்கு உத்தரவிட்டது. வெள்ளிக்கிழமை தர்மபுரியில், கோட்டாட்சியர் முன்னால்.

செவ்வாய்க்கிழமை காலை மாதவராஜ் கடைக்கு வந்தார். செருப்பு வாங்க வந்தவர் மாதிரி ஒரு ஜோடியை எடுத்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"பாய், அந்தப் பையன் ஊசி போட்டுக்கினுதான் ஆடுவானாம். ஒடம்பு ஏத்தற ஊசி. மண்டில பேசிக்கறாங்க."

"யாருங்க பேசிக்கறாங்க? எனக்குத் தெரியாதே."

"நீங்க எழுதுனீங்கன்னா எல்லாருக்கும் தெரியும்" என்றார். "ஆட்டத்த ஒரு யூடியூப் சேனல்காரன் லைவா எடுத்தான் இல்லீங்களா? உங்க தாலாட்டு சுத்தமா கேக்குது. சின்னராஜ் கைய நீங்க தட்டி வுட்டதும் இருக்குது. உங்களுக்காகத்தான் பாய் அத அழிக்கச் சொல்லிட்டேன். என்கிட்ட மட்டும் ஒண்ணு இருக்குது. எங்கயும் போவாது, கவலப்படாதீங்க."

எடுத்த செருப்பை இருந்த இடத்திலேயே ஒழுங்காக வைத்துவிட்டுப் போனார்.

நான் எழுதினேன். 'உயிரிழந்த வீரர் ஊக்க மருந்து ஊசி செலுத்திக்கொண்டு விளையாடியதாகக் கூறப்படுகிறது.' யார் கூறினார்கள் என்று எந்த ஆசிரியரும் கேட்க மாட்டார். ரத்தப் பரிசோதனை முடிவு வர மாசக்கணக்கில் ஆகும், அதற்குள் ஊர் வாய் தீர்ப்பெழுதிவிடும் என்பதும் எனக்குத் தெரியும். புதன்கிழமை காலை அது அச்சில் வந்தது. என் மனைவி வஹிதா பேப்பரைப் படித்துவிட்டு என் முன்னால் போட்டாள்.

"மைக்குல பண்ணது பத்தலன்னு இதுவுமா? உங்களுக்கே நல்லாருக்குதா?" என்றாள். அன்று முழுக்க அவள் எனக்குச் சோறு போட்டாள், பேசவில்லை.

வியாழக்கிழமை பதினோரு மணி வாக்கில் ஜோசப் ராஜின் அம்மா லூர்தம்மாள் கடைக்கு வந்தாள். அதுவரை நான் அவளை நேரில் பார்த்ததில்லை. கொல்லைக்காட்டு வேலைக்குப் போகிற உடம்பு, காய்ந்த கை. கூட மகள் பிளசி. பேப்பரின் அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்து மடித்துக் கையில் வைத்திருந்தாள். வந்தவளுக்கு ஸ்டூலை நகர்த்திப் போட்டேன், உட்காரவில்லை.

"பாய், எனக்குப் படிக்கத் தெரியாது. பிளசிதான் படிச்சுக் காட்டுனா. என் பையன் ஊசி போட்டான்னு நீங்க பாத்தீங்களா?"

"நான் பாக்கலம்மா. சொன்னாங்க, எழுதினேன்."

"யாரு சொன்னாங்க?"

"மொதல்ல ஒக்காருங்கம்மா" என்றேன். ரெண்டாயிரம் பேரைச் சிரிக்க வைக்கிற வாய்.

"கோயில்ல பூசைக்குப் போனா யாரும் என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்கறாங்க பாய்" என்றாள். "பிளசியப் பாத்துட்டுப் போன மாப்ள வூட்டுல, அண்ணன் ஊசி போடறவனாமேன்னு கேட்டு அனுப்பிச்சிருக்காங்க. செத்தவன் திரும்பி வரப் போறதில்ல, அது எனக்குத் தெரியும். அவன் பேர மட்டும் குடுத்துருங்க. நாளிக்கி அங்க நீங்க சொன்னா எடுபடுமாம். சின்னராஜ் சொன்னா, கூட ஆடுனவன் அப்படித்தான் சொல்லுவான்னு தள்ளிருவாங்களாம். அவனும் மாதவராஜோட மச்சான் கடைலதான் லோடு ஏத்தறான், அவன் எப்பிடி வாயத் தொறப்பான்?"

நான் எதையாவது சொல்லித் தப்பிக்கத்தான் வாயெடுத்தேன். பொய் சொல்ல மாட்டேன் என்று அப்போது முடிவு செய்துவிட்டேன் என்றெல்லாம் கதை விட மாட்டேன். அந்த நேரம் அவள் இடுப்பில் சொருகியிருந்த போன் அடித்தது.

"வர்றாரு வர்றாரு லோடு ராஜா வர்றாரு! வழி வுடுங்கப்பா, வழி வுடுங்க!"

என் குரல். கடை பூராவும் என் குரல். அவள் எடுத்துப் பார்த்துவிட்டு அணைத்தாள்.

"அவன் போனுங்க. நீங்க அவன ஏத்திப் பேசுனத இதுல வெச்சிருந்தான். வூட்டுக்குள்ள வந்தா சத்தத்த அணைச்சிருவான், அவன் போனப்புறந்தான் நானே கேட்டேன். மாத்தித் தரட்டுமான்னு இவ கேட்டா, வேணாம்னுட்டேன்." போனை மறுபடி இடுப்பில் சொருகினாள். "வர்றன் பாய். நாளிக்கி நாங்களும் அங்க வருவோம்."

அன்று கடையைப் பாதியில் மூடினேன். அழுதேன். அழுதால் ஒன்றும் ஆகப் போவதில்லை என்று தெரிந்தும் அழுதேன். ஊசி என்பது மாதவராஜ் எழுதச் சொன்னது என்று மட்டும் நான் அங்கே சொன்னால், அடுத்த நிமிஷம் அந்த வீடியோ வெளியே வரும். அதனால் அவர் வெளியே விடுவதற்கு முன்னால் நானே எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். வேறு வழி இல்லை. வஹிதாவிடம் சொன்னேன். "போய்ச் சொல்லிட்டு வாங்க" என்றாள், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை தர்மபுரி அலுவலகத்தில் ஒரு நீள மேஜை. ஒரு பக்கம் கோட்டாட்சியர் அம்மா. பக்கத்தில் கம்ப்யூட்டரில் அடிக்கிற எழுத்தர். சுவரோரம் மாதவராஜ் ரெண்டு வக்கீல்களோடு. கடைசி வரிசையில் லூர்தம்மாளும் பிளசியும். எனக்கு முன்னால் பேசிய நாலு பேரும் உடனே உதவி செய்யப்பட்டது, கார்கள் உடனே நகர்த்தப்பட்டன என்று ஒரே மாதிரி சொன்னார்கள். சின்னராஜ் தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கு ஒண்ணும் நெனப்பில்லீங்க" என்றான். அவனைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

"ஊசிங்கறது பொய்யிங்க மேடம்" என்றேன். "கவுன்சிலர் சொன்னாரு, நான் எழுதினேன். அந்தப் பையன் ஊசி போட்டு நானும் பாத்ததில்ல, பாத்தேன்னு சொன்ன ஆளும் ஒருத்தரும் இல்ல. நெஞ்சுல முழங்கால் பட்டுச்சு, அத என் கண்ணால பாத்தேன். ஆறு நிமிஷம் ஒருத்தரும் அவனத் தூக்கல. தூக்காததுக்கு முதல் காரணம் நான். காரு நின்னது அதுக்கு அப்புறந்தான்."

மாதவராஜின் வக்கீல் எழுந்தார். கோட்டாட்சியர் அவரைக் கையமர்த்தினார்.

"நீங்க எப்பிடிக் காரணம்?"

படுத்துக்கறது பற்றிச் சொன்னேன். காலையில் அவன் கண்ணடித்ததைச் சொன்னேன். சீட்டைச் சொன்னேன், பதினோராவது பெயரைச் சொன்னேன், சின்னராஜின் கையைத் தட்டிவிட்டதைச் சொன்னேன். சின்னராஜ் சுவரில் சாய்ந்து முகத்தை மூடிக்கொண்டான்.

"அவர் விழுந்ததும் மைக்ல நீங்க என்ன சொன்னீங்க? அப்பிடியே சொல்லுங்க, பதிவாகணும்."

தலகாணியைச் சொன்னேன், போர்வையைச் சொன்னேன். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். லூர்தம்மாள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்புறம் தாலாட்டு பாடுனேங்க."

"பாடுனீங்களா?"

"ஆமாங்க. ரெண்டு அடி."

எழுத்தர் அடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். லூர்தம்மாள் செருப்பைக் கழற்றி அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன், நிம்மதியாக இருந்திருக்கும். லூர்தம்மாள் எழுந்து நின்றாள். கோட்டாட்சியரைப் பார்த்துத்தான் பேசினாள், என்னைப் பார்த்து இல்லை.

"எங்க வூடு மைதானத்துக்குப் பின்னாலதாங்கம்மா. மைக்குக் கொழாயெல்லாம் எங்க தெருவப் பாத்துத்தான் கட்டியிருந்தாங்க. இவரு பாடுனது நல்லாக் கேட்டுச்சு. லோடு ராசா, லோடு ராசான்னாரு. அது என் பையனுக்கு வெச்ச பேருன்னு எனக்குத் தெரியாதுங்க, அவன் வூட்டுல சொன்னதில்ல. எவனோ ஒருத்தன் சோம்பேறித்தனமாப் படுத்துக்கினு இருக்கறான்னு நெனச்சேன். எல்லாரும் சிரிக்கறது கேட்டுச்சு." அவள் பிளசியின் தோளைப் பிடித்துக்கொண்டாள். "நானும் சிரிச்சேங்கம்மா. அடுப்புகிட்ட ஒக்காந்துக்கினு, தனியா, நானும் சிரிச்சேன்."

கோட்டாட்சியர் தலையைக் குனிந்துகொண்டார். இதையும் அடிக்கலாமா என்று எழுத்தர் மெதுவாகக் கேட்டார். அடியுங்கள் என்று நான்தான் சொன்னேன்.